பவளத் தொட்டிச் செலவு: நானே செய்வதும், கடையில் வாங்குவதும்

வீட்டில் உயிருள்ள கடல் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி என்றதும் எல்லோரும் கண்ணாடித் தொட்டியின் விலையையும் விளக்கின் விலையையும்தான் கேட்கிறார்கள். அவை ஒரு தடவைச் செலவு. மாதாமாதம் கையைக் கடிப்பது உப்பு, தண்ணீர், அப்புறம் கால்சியமும் காரத்தன்மையும் ஊட்டும் பாட்டில்கள். அதனால் சொந்தமாக எதையாவது செய்து மிச்சம் பிடிக்க வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் ஒரு நல்ல தராசு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ரம்பமும் பைப்பும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னுடையது 200 லிட்டர் தொட்டி. ஹாமர், டங்கன் மாதிரியான கல்பவளங்கள் நிறைய. ஒரு ஜோடி கோமாளி மீன். கல்பவளங்கள் தங்கள் எலும்புக்கூட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டே இருக்கும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். என் தொட்டியில் கால்சியத்தை 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவிலும், கார்பனேட் இருப்பைக் காட்டும் காரத்தன்மையை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவிலும் வைத்திருக்கிறேன். இதற்காகக் கடையில் விற்கும் இரண்டு பாட்டில்களில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்கும் பாட்டிலுக்கும் லாரி வாடகைக்கும் சேர்த்து நாம் காசு கொடுக்கிறோம்.

ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற வேதியியலாளர் இதே கரைசல்களை வீட்டிலேயே கலக்கும் முறையைப் பல வருஷங்களுக்கு முன்பே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. நான் கலப்பது அவர் சொன்ன அளவில்தான். 500 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டை ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், சுத்தமான தண்ணீரில் கரைத்தால் ஒரு பாகம் தயார். கரையும்போது நன்றாகச் சூடேறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். இன்னொரு பாகத்துக்கு 594 கிராம் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் கூடாது. சோடியம் பைகார்பனேட் மட்டும். இதைத் தட்டில் பரப்பி 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு மணி நேரம் ஓவனில் (மின் அடுப்பில்) வைத்தால் நீராவியும் கார்பன் டைஆக்சைடும் வெளியேறி சோடியம் கார்பனேட் ஆகிவிடும். வேலை முடிந்ததா என்று தராசே சொல்லிவிடும்: 594 கிராம் சுமார் 375 கிராமாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே தள்ளுங்கள். எடுத்ததும் அதையும் ஒரு கேலன் தண்ணீரில் கரைத்துவிடலாம்.

இந்த இரண்டாவது கரைசலில் 19 மில்லி ஊற்றினால் 100 லிட்டர் தொட்டியில் காரத்தன்மை சுமார் 1 டி.கே.எச். ஏறும். தினமும் எவ்வளவு இறங்குகிறது என்று சில நாள் சோதித்துப் பார்த்து, அதற்கேற்ப ஊற்றினால் போதும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். அப்படியே கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து வீணாகும்.

தண்ணீரைக் கேனில் வாங்குவதைவிட ஒரு ஆர்.ஓ. கருவியும், அதில் மிஞ்சும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினும் வாங்கிவிடுவது நல்லது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். முன்னால் இருக்கும் கார்பன் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றினால், ஆர்.ஓ. கருவிக்குள் இருக்கும் விலை கூடிய மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) நீண்ட நாள் உழைக்கும்.

சம்ப், அதாவது பவளத் தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி, நானும் தம்பியும் சேர்ந்து கட்டியது. சும்மா கிடந்த ஒரு பழைய தொட்டிக்குள் கண்ணாடித் தடுப்புகளை ஒட்டினோம். சிலிகான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பாருங்கள். அந்த மருந்து மீனுக்கு ஆகாது. ஒட்டிய பிறகு வினிகர் வாசனை முழுக்கப் போகும்வரை பொறுமை வேண்டும். சம்ப் கட்டுகிறவர்கள் கட்டாயம் கணக்குப் போட வேண்டியது மின்சாரம் போகும்போது என்ன நடக்கும் என்பதை. பம்ப் நின்றதும் மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் கீழே இறங்கும். திரும்பி ஏற்றும் குழாய் வழியாகவும் சைஃபன் பிடித்து, அதாவது தண்ணீர் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு, இறங்கும். அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். இறங்குகிற தண்ணீர் முழுவதற்கும் சம்பில் இடம் இருக்கிறதா என்று பம்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். துளையில் பாசி அடைக்கும், அவ்வப்போது குத்திவிட வேண்டும்.

கழிவிலிருந்து சேரும் நைட்ரேட், பாஸ்பேட் குறைக்கப் பாசி வடிகட்டி வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி உருவாக்கிய யோசனை இது. சொரசொரப்பாக்கிய ஒரு பிளாஸ்டிக் வலைமீது தண்ணீரை வழியவிட்டு, பக்கத்தில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு போட்டால் பாசி அங்கேயே வளரும். வாரம் ஒருமுறை சுரண்டி எறிந்தால், அது உறிஞ்சிய சத்தும் தொட்டியை விட்டுப் போய்விடும். செலவு சொற்பம், பலன் அபாரம். வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்துக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசும் சின்ன ஃபேன் இரண்டு மூன்று டிகிரியாவது குறைக்கும். தண்ணீர் அதிகம் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. அதனால் நிரப்புவது நன்னீராகத்தான் இருக்க வேண்டும்.

ஹீட்டரில் மட்டும் நான் காசு பார்ப்பதே இல்லை. அது ‘ஆன்’ நிலையிலேயே மாட்டிக்கொண்டால் ஒரே இரவில் தொட்டி முழுவதும் போய்விடும். தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு சேர்த்து வாங்குங்கள். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கரும் அப்படித்தான். உப்புத் தண்ணீருக்குள் கையை விடும் வேலை இது. தண்ணீர் படும் இடத்தில் பித்தளை, துத்தநாகம் பூசிய கிளாம்ப் எதுவும் வேண்டாம். செம்பும் துத்தநாகமும் பவளம், இறால் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

பவளங்களைக் காசு கொடுத்து வாங்குவதும் எனக்கு இப்போது குறைந்துவிட்டது. வளர்ந்ததை வெட்டி, ஜெல் வடிவ சூப்பர் க்ளூவால் சிறு கல்லில் ஒட்டினால் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். ஸோவாந்திட் என்ற பவள வகையை வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்; சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. அவை ஒட்டிய கல்லை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள். வெட்டிய துண்டுகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, அவர்களிடம் இருப்பதை வாங்கிக்கொள்கிறேன். என் தொட்டியில் ஏதாவது செத்துப்போனாலும், அதன் ஒரு துண்டு வேறு யார் வீட்டிலாவது வளர்ந்துகொண்டிருக்கும், கேட்டால் தருவார்கள்.