டிஃபால்ட்டர்னு எழுதின நோட்டு

ஜூலை 21, 2025, திங்கள், டர்பன், தென்னாப்பிரிக்கா

அமெரிக்கா உதவிப் பணம் நின்னதுலேர்ந்து எங்க டிபி டீம்ல பாதி பேர் இல்ல, ரூமையும் காலி பண்ண சொல்லிட்டாங்க. காலையிலேர்ந்து பெட்டி கட்டிட்டு இருக்கேன். அடியில என்னோட 2008 ஃபீல்டு நோட்டு கெடந்துச்சு. ஒரு பக்கத்துல என் கையெழுத்துல “டிஃபால்ட்டர். ஆறு வாரமா வரல”னு இருக்கு. சிகிச்சைய பாதியில விட்டவங்கள அப்ப அப்படித்தான் எழுதுவோம். பேர் இல்ல, நம்பர் மட்டும்தான், ஆனா அது யாருன்னு எனக்கு நல்லா தெரியும், சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணன். அந்த பக்கத்த மூடிட்டு வேற வேலை பாக்க முடியல.

ஜூலை 24, வியாழன்

நான் இந்த ஊருக்கு வந்ததே டுகேலா ஃபெர்ரியாலதான், இதே மாகாணத்துல இருக்கிற கிராமம். அங்க எக்ஸ்டிஆர் டிபி, அதாவது பெரும்பாலான மருந்துக்கும் அடங்காத டிபி, வந்த 53 பேர்ல 52 பேர் செத்துட்டாங்கன்னு 2006-ல செய்தி வந்தப்போ சென்னையில இருந்தேன். டெஸ்டுக்கு சளி எடுத்த நாள்லேர்ந்து எண்ணினா பாதி பேர் 16 நாள் கூட தாங்கல. ஹெச்ஐவி டெஸ்ட் பண்ண 44 பேருக்கும் பாசிட்டிவ். படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல.

அப்ப எல்லாரும் சொன்ன காரணம் ஒண்ணுதான், மருந்த ஒழுங்கா சாப்பிடாம பாதியில விட்டுட்டாங்க, அதான் கிருமி முத்திடுச்சுன்னு. நானும் அத நம்பினேன், க்ளினிக்ல வர்றவங்க கிட்ட அதையேதான் சொன்னேன். அப்புறம் 2017-ல இதே குவாசுலு நட்டால் மாகாணத்துல 404 எக்ஸ்டிஆர் நோயாளிங்கள வச்சு பண்ணின ஆராய்ச்சி வந்துச்சு. அதுல 69 சதவீதம் பேர் அதுக்கு முன்னாடி எம்டிஆர் டிபிக்கான மருந்தே சாப்பிட்டது இல்ல (எம்டிஆர்னா முக்கியமான ரெண்டு மருந்துக்கு அடங்காதது, எக்ஸ்டிஆருக்கு முந்தின கட்டம்). விட்டுட்டாங்கன்னு சொல்ல மருந்தே தொடலியே! அவங்களுக்கு அது காத்துல வந்து ஒட்டின நோய், வார்டுல, வரிசையில, ஆள அடைச்சுட்டு போற, ஜன்னல் சாத்தின டாக்ஸி வேன்ல, வீட்டுல.

சென்னை சேத்துப்பட்டு டிபி மையத்துல 1959-லயே காட்டிட்டாங்க, ஏழைங்க வீட்டுலயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தவங்க அளவுக்கு குணமாவாங்கன்னு. வீட்டுல இருக்கிறவங்களுக்கும் அதனால கூடுதலா நோய் பரவலன்னு அடுத்த வருஷம் காட்டினாங்க. ஏழை ஜனங்க மேல பழி போட முன்னாடி ரெண்டு தடவ யோசிக்கணும்னு அந்த ஊர்லேர்ந்து வந்த எனக்கு தெரிஞ்சிருக்க வேணாமா?

ஜூலை 29, செவ்வாய்

அண்ணன் ஏன் வரலன்னு அன்னிக்கு நான் கேக்கவே இல்ல. பின்னாடிதான் தெரிஞ்சது. தெனமும் டிபிக்கு கனமைசின் ஊசி, அது காத பாதிக்கும். காதுக்குள்ள வண்டு ரீங்கரிக்கிற மாதிரி இருக்குன்னு க்ளினிக்ல ரெண்டு தடவ சொல்லியிருக்கார், யாரும் காது டெஸ்டுக்கு அனுப்பல, பயந்துபோய் நிறுத்திட்டார். திரும்ப கூட்டிட்டு வந்து முடிக்க வச்சோம். டிபி போயிடுச்சு, கேக்கிற சக்தியும் போயிடுச்சு. 2018-ல இங்க அந்த ஊசிய மாத்தி பெடாகுயிலின் மாத்திரை குடுக்க ஆரம்பிச்சாங்க. அப்பல்லாம் ஒண்ணரை ரெண்டு வருஷம் இழுத்த எம்டிஆர் சிகிச்சை இப்ப பல பேருக்கு ஆறே மாசத்துல முடியுது, ஊசியே கெடையாது. அவருக்கு பத்து வருஷம் லேட்டா வந்துச்சு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயில்ல ஆடி கூழ். இங்க இத போரிட்ஜ் பிரேயர்னுதான் சொல்றாங்க. பெரியம்மைக்கு பயந்து கும்பிட்ட சாமிய அந்தக் காலத்துல கூலி வேலைக்கு கப்பல்ல வந்தவங்க கூடவே கொண்டு வந்தாங்க, இப்ப பெரியம்மை உலகத்துல இல்ல, மாரியம்மன் இருக்கா.

அண்ணன் உடுக்கை அடிக்கிற பையன் தோள்ல கைய வச்சுகிட்டு நின்னார். தோள் வழியா தாளம் வருதாம். கண்ண மூடிட்டு தலைய ஆட்டிகிட்டே இருந்தார், பையனும் நகரவே இல்ல. அவங்கம்மா, பேரப்பசங்க ஆயான்னு கூப்பிடுறவங்க, என் பக்கத்துல ஒக்காந்து பழைய தமிழ்ல மெதுவா சொன்னாங்க, “அம்மன் உசுர குடுத்தா, மருந்து காத எடுத்துக்கிச்சு.” எனக்கு பதிலே வரல.

அண்ணனுக்கு தமிழ் படிக்க தெரியாது. இங்கிலீஷ்ல ஒரு சின்ன பேப்பர்ல எழுதி குடுத்தேன், நீங்க வராதப்போ ஏன்னு கேக்காம உங்கள டிஃபால்ட்டர்னு எழுதினேன், அது என் தப்புன்னு. நின்னு நிதானமா ரெண்டு தடவ படிச்சார். மடிச்சு சட்டப் பையில வச்சுகிட்டார். அப்புறம் என் டம்ளர வாங்கி இன்னொரு கரண்டி கூழ் ஊத்தினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டிஃபால்ட்டர்ங்கிற வார்த்தைய 2013-ல உலக சுகாதார நிறுவனமே மாத்திடுச்சு, ஆனா க்ளினிக்ல வாயில இன்னும் இருக்கு. புதுசா சேந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு இன்னிக்கு நோட்டு போட சொல்லிக் குடுத்தேன். “வரல”ங்கிற கட்டத்துக்கு முன்னாடி “ஏன்”னு ஒரு கட்டம், பெருசா, நாலு வரி எழுதுற அளவுக்கு. டாக்ஸி காசா, காதா, புருஷனா, வேலையா, அவங்க வாயால சொன்னத அப்படியே எழுதணும்.

மத்தியானமே ஒண்ணு நிரம்பிடுச்சு: ரெண்டு டாக்ஸி மாறணும், மாசக் கடைசியில காசு இல்ல. ஒரு மாச மாத்திரைய நாளைக்கு வீட்டுக்கே கொண்டுபோய் குடுக்கப் போறோம்.