முதல் சம்பளமும் முகாம் அறையும்

அகதி ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன், அரசு கொடுத்த அறையையும் உதவித்தொகையையும் இனி அவருக்கு எதற்காகத் தர வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சம்பாதிக்கிறவர் தம் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. எப்போதிலிருந்து ஏற்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

தஞ்சம் கோரிக் காத்திருப்பவர்களை எப்படிப் பராமரிப்பது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வகுத்த நெறிமுறை, போதுமான வசதி உள்ளவரிடம் தங்குமிடச் செலவில் பங்கு கேட்கலாம் என்கிறது. அதற்கு அது தரும் எடுத்துக்காட்டு, நியாயமான ஒரு காலம் வரை வேலை பார்த்தவர். நியாயமான காலம் என்றால் எத்தனை மாதம் என்று அது சொல்லவில்லை. முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்த மறுநாளே கணக்குக் கேட்கும் அலுவலகத்துக்கும், ஆறு மாதம் பொறுத்திருக்கும் அலுவலகத்துக்கும் அந்தச் சொல்லே இடம் கொடுத்துவிடுகிறது.

பாத்திரம் கழுவும் வேலைக்கு ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு தாண்டித் திரும்பி, நான்கு பேர் படுத்திருக்கும் அறையில் விளக்குப் போடாமல் உடை மாற்றி, காலையில் முகாம் பதிவேட்டில் கையெழுத்திடுவதற்காக மீண்டும் எழுகிறார். மாத முடிவில் சம்பளம் வருகிறது. அந்தச் சீட்டை உதவித்தொகை அலுவலகத்தில் நீட்டினால் "வருமானம் இருக்கிறதே" என்கிறார்கள். அதையே வீட்டுக்காரரிடம் நீட்டினால், ஒரு மாதச் சீட்டை நம்பி எப்படி வீடு தருவது, இன்னும் இரண்டு சீட்டும் முன்பணமும் கொண்டு வாருங்கள் என்கிறார். ஒரே காகிதம் ஒரு மேசையில் மிகுதியாகவும் இன்னொரு மேசையில் குறைவாகவும் தெரிகிறது. இடைப்பட்ட அந்த இரண்டு, மூன்று மாதங்களுக்குத்தான் முகாம் அறை மிகவும் தேவைப்படுகிறது.

கேஸ் முடிந்து அகதியாக ஏற்கப்பட்டவரின் நிலைமை வேறு என்று நினைப்போம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, பொது உதவிகளில் அவரை நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக நடத்தச் சொல்கிறது. ஆனால் இணையான உதவிக்குப் போய்ச் சேரும் வழியிலேயே பள்ளம் இருக்கலாம். பிரித்தானியாவில் ஏற்பு கிடைத்தபின் தஞ்ச விடுதியைக் காலி செய்ய நெடுங்காலமாக 28 நாள் அவகாசமே இருந்தது. அங்குள்ள பொது நலத்தொகையின் முதல் தவணை வரவோ வழக்கமாக ஐந்து வாரம் ஆகும். முப்பத்தைந்தில் இருபத்தெட்டைக் கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும். 2024 டிசம்பரில் அந்த அவகாசத்தைச் சோதனை முறையில் 56 நாளாக்கினார்கள். அடுத்த ஆண்டே தனியாள்களில் பெரும்பாலோருக்குப் பழையபடி 28 ஆக்கிவிட்டார்கள்.

சம்பளம் ஏற ஏற உதவியை எவ்வளவு குறைப்பது என்பது அடுத்த கணக்கு. ஜெர்மனியின் தஞ்சம் கோருவோர் நலச் சட்டம், உழைத்துப் பெறும் வருமானத்தில் 25 விழுக்காட்டை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, கணக்கில் சேர்க்காமல் விடுகிறது. அதாவது நூறு ஈட்டினால் இருபத்தைந்து கையில் நிற்கும். சுவிட்சர்லாந்து, தஞ்சம் கோரியவர்களின் ஊதியத்தில் 10 விழுக்காட்டைச் சிறப்புக் கட்டணமாகப் பிடித்துவந்து, 2018 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. அது நல்ல முடிவு என்பது என் எண்ணம். வேலைக்கு வைப்பவருக்குக் கணக்குத் தொல்லை, வேலை செய்பவருக்குச் சலிப்பு என்று இரு பக்கமும் கசந்தால், அடுத்து இருவரும் பேசி முடிப்பது சீட்டில்லாத கறுப்பு வேலையாகத்தான் இருக்கும்.

மணிக்கணக்கில் கூலி பெறுபவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சென்ற மாதம் நாற்பது மணி நேரம் கூடுதலாக வேலை செய்திருப்பார். இந்த மாதம் பாதி நாள் அழைப்பே வந்திருக்காது. சென்ற மாதச் சீட்டை வைத்து இந்த மாத உதவியைக் குறைத்தால், கையில் காசில்லாத மாதத்தில்தான் அந்த வெட்டு வந்து விழும். மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டுக் கை வைப்பதே நேர்மையான முறை என்பேன். அதோடு, தகுதிகாண் காலம் முடியும்வரை அறையை அவர் பெயரிலேயே வைத்திருக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் வேலை போய்த் திரும்பி வருகிறவர், தம் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பதைக் கண்டால், அடுத்த முறை வேலைக்கு அழைப்பு வரும்போது போவதற்கு முன் பலமுறை யோசிப்பார்.