ஷ்லீமன் வெட்டிய பள்ளம்

துருக்கியின் சானக்கலே நகரத்திலிருந்து பழங்கால டிராய் நகரின் இடிபாடுகள் சுமார் 30 கிலோமீட்டர், மினிபஸ் போகிறது. வாசலில் மரக்குதிரையோடு படம் எடுக்கத்தான் கூட்டம். நான் பார்க்க வந்தது உள்ளே இருக்கும் பள்ளத்தை.

ஹிசார்லிக் மேட்டை வடக்குத் தெற்காகப் பிளந்து கிடக்கிறது அது. ஆழம் சுமார் 17 மீட்டர். ஜெர்மன் வணிகர் ஹைன்ரிச் ஷ்லீமன் 1871 முதல் 1873 வரை ஆள்வைத்து வெட்டியது. ஒன்பது குடியிருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்த மேடு இது. கிரேக்கக் கவி ஹோமர் போர்க்காவியத்தில் பாடிய டிராய் அடியில்தான் இருக்கும் என்று நம்பி, மேலே இருந்த சுவர்களை அள்ளிக் கொட்டிவிட்டார். அவர் தேடிய காலத்துக் கட்டடங்களும் அதில் போயின. அந்தக் காவியத்தில் டிராயை ஆளும் பிரியம் பெயரால், ‘பிரியம் மன்னனின் புதையல்’ என்று அவர் அறிவித்த தங்கமோ, டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது.

விளிம்பில் நின்றால் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் மண்ணடுக்கைப் படித்துத் தோண்டும் முறை அன்று இன்னும் கைவரவில்லை. அந்த முறைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்துக்குப் போனதே 1880இல்தான். பொன்னும் சிலையும் மட்டுமே பலருக்கும் பொருட்டாக இருந்த காலத்தில், ஷ்லீமன் பானை ஓடுகளைச் சேர்த்தார், கிடைத்த ஆழத்தைக் குறித்தார், வரைந்து அச்சிட்டார். 1882இல் கட்டடக் கலைஞர் டோர்ப்ஃபெல்டைத் துணைக்கு அழைத்தார். 1890இல் இருவரும் தோண்டியபோது ஆறாம் அடுக்கில் மைசீனிய ஓடுகள், அதாவது டிராய்ப் போர்க் காலத்துக் கிரேக்கரின் பானை ஓடுகள், கிடைத்தன. ஹோமரின் டிராய் என்று தான் அறிவித்த, அதற்கும் கீழே இருந்த இரண்டாம் அடுக்கு தவறு என்பதற்கான சான்றைத் தன் அகழாய்விலேயே கண்டு, அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். வெட்டியதற்காக அவரை நான் மன்னித்துவிடுவேன்.

மறைத்ததற்கு மன்னிக்க மனம் வரவில்லை. தோண்டியதை ஊருக்குக் கொண்டுபோவது அன்றைய வழக்கம்தான். 1876இல் நம் ஆதிச்சநல்லூரில் தோண்டிய ஜெர்மானியர் ஜாகோரும் கிடைத்தவற்றை பெர்லினுக்குத்தான் கொண்டுபோனார். ஆனால் ஷ்லீமன் கிடைப்பதில் பாதியை, அன்று துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டவர். புதையலை ரகசியமாக ஏதென்ஸுக்குக் கடத்தினார். வழக்கு நடந்தது, 50,000 பிராங்க் கொடுத்து முடித்தார். மனைவி சோஃபியா சால்வையில் பொதிந்து எடுத்துச் சென்றதாக எழுதினார்; அப்போது சோஃபியா ஏதென்ஸில் இருந்தார். இந்த மேட்டில் தனக்கு முன்பே சோதனைக் குழிகள் தோண்டி, இதுதான் டிராய் என்று வழிகாட்டிய ஃபிராங்க் கால்வெர்ட்டுக்கு உரிய பெயரையும் தரவில்லை. பொய் எந்தக் காலத்திலும் பொய்தானே?

பக்கத்துத் தெவ்ஃபிக்கியே கிராமத்தில் 2018இல் திறந்த அருங்காட்சியகத்தையும் அவசியம் பாருங்கள். புதையலின் முக்கியப் பகுதி அங்கே இல்லை. ஷ்லீமன் பின்னர் பெர்லினுக்குக் கொடுத்த அதை 1945இல் அங்கிருந்து சோவியத் படை எடுத்துப்போனது, இன்று மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது இந்த ஊருக்குத் திரும்ப வேண்டும்; அன்று ஒப்புக்கொண்ட பாதியாவது.