ஆவடி வரை படிப்பு

அக்டோபர் 21, திங்கள்

இன்ஜினியரிங்கில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தின் இன்டர்னல் பேப்பர் கொடுத்தார்கள். 50க்கு 19. நான்கு முறை படித்த யூனிட்டிலேயே கோட்டை விட்டிருக்கிறேன். மஞ்சள் ஹைலைட்டர் தீர்ந்ததுதான் மிச்சம். ரோஷம் வந்து இரவு டைம்டேபிள் போட்டேன். ஐந்து நிறம், ஸ்கேல் வைத்துக் கோடு, இரண்டரை மணி நேரம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்நேரத்துக்கு ஒரு பாடமே முடிச்சிருக்கலாமேடி" என்றாள்.

அக்டோபர் 23, புதன்

காலை 4.30க்கு எழுவதாக எழுதியவள் யாரென்றே தெரியவில்லை. டைம்டேபிள் கதை முடிந்தது.

ஆனால் காலேஜுக்குப் போகிற லோக்கல் ரயில் இருக்கிறது. திருவள்ளூரில் கிளம்பும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். ஆவடி வரை ஏறக்குறைய அரை மணி நேரம். அப்புறம் ஏறுகிற கூட்டத்தில் பக்கம் திருப்பக்கூட முடியாது. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலி மாணவர் 1980களின் இறுதியில் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துக்கொண்டு படித்தாராம். அதுதான் பொமடோரோ: 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. எனக்கு ஆவடிதான் தக்காளி.

அக்டோபர் 25, வெள்ளி

ரயிலில் புத்தகத்தை மூடிவிட்டு, ஃபூரியர் தொடருக்கான டிரிக்லே நிபந்தனைகளை எழுதிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுதான் வந்தது. முழுக்க மஞ்சள் பூசிய பக்கம் அது! கண்ணுக்குப் பழகியதைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஐந்தே நிமிடத்தில் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. முதல் நாள் ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி. இரண்டு நாளாகப் பூஜ்யம். முறுக்கு மட்டும் நிறைய.

நவம்பர் 5, செவ்வாய்

பழைய அண்ணா பல்கலை வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதினேன். 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். கணக்குப்படி பத்து டூ மார்க்குக்கு 36 நிமிடம், ஒரு 13 மார்க்குக்கு 23. முதல் 13 மார்க்குக்கே 41 நிமிடம் ஆகிவிட்டது. படம் வரைந்து, பென்சிலில் அழகு பார்த்து... அந்த டைம்டேபிள் புத்தி இன்னும் போகவில்லை.

டிரிக்லே மூன்றும் வந்தது. நாளை ரயிலில் அடுத்த பகுதி, கன்வல்யூஷன். படத்துக்கு ஸ்கேல் எடுத்துப் போகப்போவதில்லை.