மனுக்கள் குழுவுக்கு மனு போடுகிறீர்களா? முதலில் எழுத்தரைத் தாண்டுங்கள்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை மனுக்கள் குழு, அதாவது மக்களின் பொதுப் பிரச்சினை மனுக்களை விசாரிக்கும் எம்.எல்.ஏ.க்கள் குழு, உங்கள் மாவட்டத்துக்கு வருகிறது என்று செய்திக்குறிப்பு வந்தால், செய்தித்தாளில் அந்தத் துண்டைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கைகொடுத்தது வக்கீலும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை, அந்தத் துண்டுதான்.

எங்கள் பேருந்து நிலையத்தை ஒட்டிய புறக்காவல் நிலையம் பூட்டியே கிடந்தது. அதைத் திறக்கச் சொல்லி திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு எஸ்.பி. அலுவலகம் போய், அங்கிருந்து எங்கள் ஸ்டேஷனுக்கே இறங்கி, 'இடம் தொடர்பாக வழக்கு நிலுவையில் உள்ளது' என்ற ஒற்றை வரியோடு திரும்பும். யார்மேல் குறை சொல்கிறோமோ அவர்களே விசாரணையும் செய்தால் வேறென்ன வரும்?

குழுவுக்கான மனுவை நேரில் கொடுக்கப் போனேன். பிரிவு எழுத்தர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஒருத்தர் கையெழுத்துதான் இருக்கு. இது தனிநபர் குறை, எடுக்க மாட்டாங்க" என்றார். தனிநபர் குறையை எடுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். கோர்ட்டில் இருக்கும் விஷயம், வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன், பணி மாறுதல் எதுவும் கூடாது. ஆனால் பிரச்சினை பொதுவானதா என்பதுதான் கணக்கு, கையெழுத்து எத்தனை என்பதல்ல. துண்டை மேசையில் விரித்தேன். படித்துவிட்டு, "சரி, ஒரு காப்பி குடுங்க, போதும்" என்றார். 5 நகல் என்று அதே துண்டில் போட்டிருக்கிறது!

அவரை நம்பாமல், 5 நகலையும் சென்னை-9, மனுக்கள் குழுத் தலைவர் முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிட்டேன். தெருவிளக்கையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள் கடைக்காரர்கள். கூடாது. ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறைதான் வர வேண்டும். விளக்குக்கு இன்னொருவர் பெயரில் தனி மனு போட்டோம்.

கூட்டத்துக்கு வரச்சொல்லி முந்தின நாள் மாலைதான் போன் வந்தது. தாள்களை முன்பே அடுக்கி வைத்திருந்ததால் தப்பித்தேன்.

மனுதாரர் முன்னிலையில்தான் அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும். இந்தக் குழுவில் எனக்குப் பிடித்ததே அதுதான். வந்த அதிகாரி அதே பழைய வரியை வாசித்தார். வழக்கு நிலுவை என்றால் குழு மனுவைத் தொடவே முடியாது, அது அவருக்கும் தெரியும். நான் நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து எடுத்த உத்தரவை நீட்டினேன். வழக்கு எப்போதோ தள்ளுபடி ஆகியிருந்தது. குழுத் தலைவர் அதிகாரியிடம், "நீங்க சொல்ற வழக்கு நம்பர் என்ன?" என்று கேட்டார். அதிகாரி பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார், பின்வரிசை ஃபைலைப் பார்த்தது. அந்தக் காட்சிக்காகவே இன்னொரு மனு போடலாம்.

எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள் என்று ஒருவர் அங்கே வந்து காத்திருந்தார். பாவம், வீண் அலைச்சல். அதற்கு முதலில் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்ப வேண்டும், அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 173(4) அதற்கான பிரிவு.

குழுவால் பரிந்துரைக்கத்தான் முடியும். ஆனாலும் பூட்டு திறந்தது, மாலையில் ஒரு ஏட்டு உட்காருகிறார். இரவுக்கு ஆள் போடவில்லை. அதைக் கேட்டு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன், ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை.