மூச்சை இழுக்கும்போது அல்ல, விடும்போதுதான் படபடப்பு அடங்கும்

யாராவது படபடப்பாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்வது, “நல்லா மூச்சை இழுத்து விடு.” அவரும் தோளைத் தூக்கி, வாயால் வேக வேகமாக இழுப்பார். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும். ‘ஏதோ ஆகப் போகிறது’ என்ற பயத்தில் படபடப்பு இன்னும் கூடும்.

இது காற்று போதாமல் வருவதல்ல. உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால்தான் கிறுகிறுப்பு.

கவனிக்க வேண்டியது வெளிமூச்சை. மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், வெளியே வரும்போது தணியும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் பலருக்கும், முக்கியமாக இளம் வயதினருக்கு, இது விரலிலேயே தெரியும்.

நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். ஒரு கை நெஞ்சில், இன்னொரு கை தொப்புளுக்கு மேலே. வயிற்றுக் கை எழும்பி இறங்க வேண்டும். நெஞ்சுக் கை அதிகம் அசையக் கூடாது. வாயை மூடி, மூக்கால் 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். சும்மா இருக்கும்போது 12 முதல் 20 வரை ஓடுவது இது. நெஞ்சு முட்ட நிரப்ப வேண்டாம், இடையில் அடக்கவும் வேண்டாம். பதற்றத்தில் எண்ணிக்கையே ஓட்டமெடுக்கும். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து எண்ணுவது நல்லது. 6 வரை போக முடியாமல் திணறினால் 3-க்கு 4 என்று ஆரம்பியுங்கள். 5 நிமிடம் போதும்.

கோபமோ பதற்றமோ உச்சத்தில் இருக்கும்போது உட்காரவே முடியாது. அப்போது முதலில் 10 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நடக்கும்போது மூச்சை எண்ணாதீர்கள். தசைக்குக் காற்று தேவைப்படும் நேரத்தில் மூச்சைக் கட்டுப்படுத்தினால் இளைப்புதான் மிஞ்சும். தினமும் 30 நிமிடம், வாரம் 5 நாள் இப்படி நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடமும் கணக்காகிவிடும்.

கஷ்டம் வந்த பிறகுதான் செய்வேன் என்றால் கை கொடுக்காது. மனசு நன்றாக இருக்கிற நாட்களில், படுக்கப் போகும் முன் பழகுங்கள்.

நெஞ்சு அழுத்தி, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் மூச்சுப் பயிற்சியில் நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள். தூக்கமும் பசியும் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதா? அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.