ஓரியூர்ச் செம்மண்

திருவாடானையில் பேருந்து ஏறி ஓரியூரில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. திருவிழாக் கூட்டமெல்லாம் வடிந்துபோன ஒரு சாதாரண நாளாகப் பார்த்தே புறப்பட்டிருந்தேன். வீட்டில் பழைய தொலைக்காட்சி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, கிறிஸ்து பிறப்பு விழாத் தள்ளுபடியைப் பார்த்து, அதைவிடப் பெரிய ஒன்றைத் தவணையில் வாங்கி மாட்டிவிட்டேன். அன்றிரவு குடிலின் முன் முழந்தாளிட்டபோது நெஞ்சு உறுத்தியது. தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவரின் பிறப்பைக் கொண்டாட நான் செய்த செலவு யாருக்காக என்ற கேள்வி ஒரு மாதமாகியும் என்னை விடவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் ஓரியூர்த் திருத்தலத்தில் இருக்கும் புனித அருளானந்தரிடம் வந்தேன்.

1647-இல் லிஸ்பனில் பிறந்து, சிறுவயதிலேயே போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசருடன் வளர்ந்தவர் அவர். ஜான் தெ பிரிட்டோ என்ற அந்தப் பிரபு வீட்டுப் பிள்ளை, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து, 1673-இல் இந்தியா வந்து, தமிழ்த் துறவியரைப் போலப் பண்டாரசாமியாகக் காவி உடுத்து, புலால் நீக்கி, சோறும் காய்கறியும் உண்டு, தரையில் படுத்து, இராமநாதபுரம் பகுதியான மறவர் சீமையில் நற்செய்தி அறிவித்தார். இந்த எளிமையை மக்களை ஈர்ப்பதற்கான உத்தி என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1680-களின் இறுதியில் சபைப் பணியாகத் தாயகம் திரும்பியபோது, ஈர்க்க வேண்டியவர் எவரும் இல்லாத லிஸ்பனிலும் அவர் அதே உணவையும் அதே தரைப் படுக்கையையும் விடவில்லை. இளமைத் தோழர் இரண்டாம் பேதுரு அப்போது அரசராக இருந்தார். தம் மகனுக்கு ஆசிரியராக அங்கேயே தங்கும்படி கேட்டும், அருளானந்தர் மறுத்து, 1690-இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்துவிட்டார். உணவும் உடையும் இருந்தால் மனநிறைவு கொள்வோம் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதியதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அதை அரண்மனை வாசலில் நின்றும் வாழ்ந்து காட்ட முடியும் என்பதை இங்கேதான் உணர்ந்தேன்.

1693 பிப்ரவரி 4 அன்று இதே ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. முந்தைய நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்துக்கு மைகூட இல்லாமல், கரியை நீரில் கரைத்து எழுதினார். அவர் இரத்தம் சிந்திய இடத்தில் மண் சிவந்திருக்கிறது. அந்த இரத்தத்தால்தான் சிவந்தது என்று நம்பி, சமய வேறுபாடின்றி மக்கள் அதை எடுத்து நெற்றியில் பூசுகிறார்கள்.

நானும் குனிந்து அந்த மண்ணைத் தொட்டேன். ஈரமில்லாமல், விரலிடுக்கில் நெகிழ்ந்து ஓடும் மணல். உள்ளங்கை ரேகைகளில் மட்டும் சிவப்பாய் ஒட்டிக்கொண்டது. பை நிறைய அள்ளிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தது. வீட்டுக்கு, அக்கா வீட்டுக்கு, அலுவலக நண்பர்களுக்கு என்று மனம் கணக்குப் போட்டது. மொட்டையடித்த பேரனை இடுப்பில் வைத்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பார்த்தார்.

"கொஞ்சமா எடுத்துக்கங்க தம்பி. நாளைக்கு வர்றவுகளுக்கும் வேணும்ல."

கையைத் தளர்த்தி அள்ளியதைத் திரும்பக் கொட்டினேன். ஒரு சிட்டிகை மட்டும் எடுத்துக் கைக்குட்டை முனையில் முடிந்துகொண்டு, பீடத்தின் முன் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். அன்று எனக்காக எதையும் கேட்கத் தோன்றவில்லை. வீடு திரும்பியதும் அம்மா முடிச்சை அவிழ்த்து, தன் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, மீதியை ஒரு பழைய திருநீற்றுச் சிமிழில் இட்டுப் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தின் அடியில் வைத்தார். அடுத்த ஞாயிறு, பழைய தொலைக்காட்சியைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டுப் புதியதற்கு வாங்குபவர் ஒருவரைத் தேடத் தொடங்கினேன்.